பிடுங்க ஆளில்லாத முளை

என் மேசைமேல் இரண்டு பொம்மைகள் அருகருகே நிற்கின்றன. இடப்பக்கம் இருப்பது ஈயம். உயரம் 54 மில்லிமீட்டர். லண்டனில் ஒரு பழம்பொருள் சந்தையில், கால் ஒடிந்த குதிரைகளும் துப்பாக்கி முறிந்த சிப்பாய்களும் கலந்து கிடந்த தகர டப்பாவிலிருந்து பொறுக்கி எடுத்தேன். 1930களில் வார்த்தது என்றார் விற்றவர். தலை நிறையக் கழுகிறகு, ஓங்கிய கையில் கோடரி. கண்ணுக்கு இரண்டு கறுப்புப் புள்ளி, வாய்க்கு ஒரு சிவப்புக் கீற்று. கழுத்து எப்போதோ ஒடிந்திருக்கிறது. யாரோ ஒரு சிறுவன் தலைக்கும் உடலுக்கும் நடுவே தீக்குச்சித் துண்டைச் செருகி நிறுத்தியிருக்கிறான். அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த வைத்தியம் அது.

வலப்பக்கம் இருப்பது ரெசின்; உயரம் 75 மில்லிமீட்டர். பாகம் பாகமாக வந்ததை ஒட்டிச் சாயம் பூசி முடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் பிடித்தது. காக்கை இறகுகள் அடர்ந்து நிமிர்ந்து நிற்கும் தலையணி. கழுத்தில் பறவை எலும்பில் செய்த ஊதல். இடுப்பில் ஸ்கங்க் தோலாலான கச்சை. வலத்தோளில் ஏறி இடக்கையின் கீழ் இறங்கும் ஒரு தோல்வார் தரையில் நீண்டு கிடக்கிறது. வாரின் நுனியில் சிவப்புச் சாயம் பூசிய ஒரு முளை. அது நிலத்தில் அடிக்கப்பட்டிருக்கிறது.

முதலாவது வந்த பெட்டியின்மேல் ‘வட அமெரிக்க இந்தியர்கள்’ என்று மட்டுமே அச்சிட்டிருப்பார்கள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. இரண்டாவதற்கு இனம் உண்டு, ஷையான். சங்கம் உண்டு, நாய் மனிதர்கள். அந்தச் சங்கத்துக்குள் பொறுப்பும் உண்டு: நாய்க்கயிறு அணியும் நால்வரில் ஒருவன். இரண்டு பொம்மைகளுக்கும் இடையே ஏறத்தாழ எண்பது ஆண்டுகள். அந்த எண்பது ஆண்டுகளில் பொம்மை எவ்வளவு கற்றுக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்து மகிழாத நாளில்லை. எதைத் தொலைத்திருக்கிறது என்பதும் சாயம் பூசும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

நாய்க்கயிறு என்ற பெயரைக் கேட்டு இழிவாக எண்ணிவிடக் கூடாது. பதப்படுத்திய தோலில் எட்டு முதல் பத்தடி நீளத்துக்கு வெட்டிய வார் அது. முள்ளம்பன்றி முள்ளாலும் கழுகிறகாலும் அழகு செய்திருப்பார்கள். நாய் மனிதர்களில் மிகத் துணிந்தவர்கள் என்று சங்கமே தேர்ந்த நால்வர் மட்டும் அதை அணியலாம். போர் முற்றி, பெண்களும் குழந்தைகளும் தப்பிக்க அவகாசம் வேண்டும் என்ற நிலை வரும்போது, அணிந்தவன் குதிரையை விட்டு இறங்குவான். முளையைத் தரையில் அடிப்பான். அதன் பிறகு வார் எட்டும் தூரம்தான் அவனுக்கு உலகம். பின்வாங்க அவனுக்கு உரிமை இல்லை.

ஆனால் ஒரு வழி வைத்திருந்தார்கள். தோழன் ஒருவன் வந்து முளையைப் பிடுங்கி, கையிலுள்ள சவுக்கால் அவனை அடித்து, நாயை விரட்டுவதுபோல் விரட்டினால் அவன் போகலாம். தானாகப் பிடுங்கிக்கொண்டு ஓடுவது அவமானம். தோழன் அடித்து விரட்டுவது விடுதலை. இந்த ஏற்பாட்டை முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சாவதற்கு ஒருவனைக் கட்டிவைக்கும் சமூகம், அவனை அவிழ்ப்பதற்கும் ஒருவனைப் பொறுப்பாக்கியிருக்கிறது. கட்டிக்கொள்ள ஒருவன் போதும். அவிழ்க்க இருவர் வேண்டும்.

ஷையான் மக்களின் சங்கங்கள் எல்லாமே இந்த ‘இருவர்’ கணக்கில் நின்றவை. சிறுநரிகள், எல்க் மான்கொம்பு உரசுவோர், செங்கேடயத்தார், வில்நாண்கள், நாய் மனிதர்கள், வடக்கே வெறிநாய்கள் எனப் பெயர்கள் பல. இவற்றின் தொடக்கத்தை, புனித அம்புகள் நான்கையும் நாற்பத்து நான்கு தலைவர்கள் கொண்ட சபையையும் தங்களுக்குத் தந்த ஸ்வீட் மெடிசின் என்ற தீர்க்கதரிசியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது அவர்கள் மரபு. பையன் பதின்மூன்று, பதினான்கு வயதைத் தாண்டியதும் தனக்குப் பிடித்த சங்கத்தில் சேரலாம். பெரும்பாலும் தந்தையின் சங்கமாக இருக்கும். மேலே ஏற வயதுப்படி கிடையாது. பதினைந்து வயதுக்காரனும் ஐம்பது வயதுக்காரனும் ஒரே வட்டத்தில் ஆடினார்கள். எல்க் சங்கத்தாரின் வாத்தியம் ஒரு மான்கொம்பு. அதில் வரிசையாக வெட்டு போட்டிருப்பார்கள். இன்னோர் எலும்பால் உரசினால் கரகரவென்று ஒலிக்கும். சங்கத்தின் பெயரே அந்த ஓசையிலிருந்து வந்தது. சில சங்கங்கள் தலைவர்களின் மகள்களில் நான்கு கன்னிப் பெண்களைத் தங்கள் சகோதரிகளாக ஏற்றன.

போர் இந்தச் சங்கங்களின் பாதி வேலைதான். மறுபாதி, ஊரைக் காப்பது. கூடாரங்கள் இடம்பெயரும்போது யார் முன்னால், யார் பின்னால் என்று பார்ப்பது, கோடையில் எல்லாரும் ஒன்றுகூடி எருமை வேட்டைக்குப் போகும்போது யாரும் முந்தி ஓடி மந்தையைக் கலைத்துவிடாமல் தடுப்பது, எல்லாம் அப்போதைக்குப் பொறுப்பேற்ற சங்கத்தின் கடமை. ஒருவனுடைய அவசரத்தால் ஆயிரம் பேர் பட்டினி கிடக்க நேரும் என்பதால் தண்டனை கடுமையாக இருந்தது.

கார்ல் லூவெலின் என்ற சட்ட அறிஞரும் ஆடம்சன் ஹோபல் என்ற மானுடவியலாளரும் 1941இல் எழுதிய நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. வேட்டைக்கு எல்லாரும் வரிசையாக நகர்ந்துகொண்டிருக்கிறார்கள். முன்னே பார்த்தால், இரண்டு இளைஞர்கள் ஏற்கெனவே எருமைகளுக்கு நடுவே புகுந்திருக்கிறார்கள். செங்கேடயச் சங்கத்தார் பாய்ந்து சென்றார்கள், அந்த இருவரின் குதிரைகளைச் சுட்டார்கள், சவுக்கால் விளாசினார்கள், துப்பாக்கிகளை அடித்து நொறுக்கினார்கள். அந்த இளைஞர்களின் தந்தை டகோட்டா இனத்தவர். அவர் வந்து வீரர்களிடம் சண்டைக்கு நிற்கவில்லை. விதியை மீறியது குற்றம் என்று பிள்ளைகளைத்தான் கண்டித்தார். அதன் பிறகு நடந்ததை நான் எத்தனையோ முறை திரும்பப் படித்திருக்கிறேன். சங்கத் தலைவர்கள் தங்கள் ஆட்களைக் கூட்டி, இதோ இந்த இரு பையன்களும் குதிரையும் ஆயுதமும் இல்லாமல் நிற்கிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். என்னிடம் கூடுதலாகக் குதிரை இருக்கிறது, ஒன்று தருகிறேன் என்றான் ஒருவன். இன்னொருவனும் தந்தான். துப்பாக்கிகளும் வந்தன. அடித்த கையே கொடுத்தது. அன்று மாலைக்குள் அந்த இளைஞர்கள் மறுபடியும் வேட்டைக்காரர்களாகிவிட்டார்கள்.

இதை எந்த அச்சிலும் வார்க்க முடியாது. கோடரி ஓங்கிய கையை வார்க்கலாம். அடித்துவிட்டுத் தன் குதிரையை அவிழ்த்துக் கொடுக்கும் கையை வார்த்தாலும், பார்ப்பவருக்கு அது என்னவென்று விளங்காது.

அந்தச் சங்கங்களின் உலகம் ஒரே அடியில் விழவில்லை. 1837இல் வில்நாண் சங்கத்தின் 48 பேர் கயோவாக்களிடம் மொத்தமாக மாண்டனர். அதே ஆண்டில் நாய் மனிதர்களின் தலைவர் போர்க்குபைன் பேர், குடிபோதைச் சண்டையில் சொந்த இனத்தான் ஒருவனைக் கொன்று விலக்கப்பட்டார். அவரோடு சங்கமும் ஊரிலிருந்து ஒதுங்கி, ரிபப்ளிகன் ஆற்றுக்கும் ஸ்மோக்கி ஹில் ஆற்றுக்கும் இடைப்பட்ட புல்வெளியில் தனிக் கூட்டமாக வாழத் தொடங்கியது. சங்கமாக இருந்தது ஊராகவே மாறியது. 1849இல் வெள்ளையர் வண்டிப்பாதை வழியே வந்த காலரா தென் ஷையான்களில் பெரும்பகுதியினரைக் கொண்டுபோயிற்று. 1851இன் லாரமி கோட்டை உடன்படிக்கை வட பிளாட் ஆற்றுக்கும் ஆர்க்கன்சா ஆற்றுக்கும் இடைப்பட்ட பெருநிலத்தை ஷையான்களுக்கும் அரபாஹோக்களுக்கும் உரியதென்று ஒப்புக்கொண்டது. கொலராடோவில் பொன் கிடைத்தது. பத்தே ஆண்டில், 1861இன் உடன்படிக்கையில், அந்த நிலம் சுமார் பதின்மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. நாய் மனிதர்கள் அதில் கையெழுத்திடவில்லை.

1864 நவம்பர் 29 விடியற்காலையில், சமாதானத்தை நம்பி சாண்ட் கிரீக் ஓடைக்கரையில் தங்கியிருந்த ஷையான் தலைவர் பிளாக் கெட்டிலின் முகாமைக் கர்னல் சிவிங்டனின் படை தாக்கியது. செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியோரும். அதன் பிறகு இளைஞர்கள் சமாதானத் தலைவர்களை விட்டு நாய் மனிதர்களை நோக்கிப் போனதில் வியப்பில்லை.

1869 ஜூலை 11. கொலராடோவின் வடகிழக்கில் சம்மிட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்றுக்கரை. மேஜர் யூஜின் காரின் ஐந்தாம் குதிரைப்படையும் பானி இனத்துச் சாரணர்களும் பட்டப்பகலில் நாய் மனிதர்களின் முகாமுக்குள் புகுந்தார்கள். தலைவர் டால் புல் அன்று ஒரு பள்ளத்தில் மாண்டார். அந்தப் பள்ளத்தின் முகப்பில் நாய்க்கயிறு அணிந்த ஒருவன் முளையை அடித்து நின்றான். அடர்ந்த கேசமுள்ள ஓநாய் என்பது அவன் பெயரின் பொருள். அன்று முளையைப் பிடுங்க யாருக்கும் அவகாசம் கிடைக்கவில்லை. அவன் அங்கேயே நின்று இறந்தான்.

தனிப்பெரும் சக்தியாக நாய் மனிதர்கள் விளங்கிய காலம் அன்றோடு முடிந்தது. முகாமைச் சூறையாடியபோது ஒரு சிப்பாயின் கையில் ஒரு கணக்குப் பேரேடு கிடைத்தது. அதன் தாள்களில் வண்ணப் பென்சிலால் வீரர்கள் தங்கள் போர்களைத் தாங்களே வரைந்திருந்தார்கள். குதிரையின் வாலில் என்ன கட்டியிருந்தது, கேடயத்தில் என்ன உருவம், யாரிடமிருந்து துப்பாக்கியைப் பறித்தான் என எல்லாம் அதில் இருக்கிறது. டென்வரில் பாதுகாக்கப்பட்ட அந்தப் பேரேடு 1997இல்தான் முழு நூலாக அச்சேறியது.

அந்தச் சண்டை நடந்து இருபத்து நான்கு ஆண்டு கழித்து, 1893இல், லண்டனில் வில்லியம் பிரிட்டன் ஈயப் பொம்மையைக் கூடாக வார்க்கும் வழியைக் கண்டுபிடித்தார். அதுவரை ஜெர்மானியரின் கெட்டி ஈயப் பொம்மைகளே சந்தையை ஆண்டன. புது முறை எளிது. கை மட்டும் பழக வேண்டும். இரு பாதியாகத் திறக்கும் உலோக அச்சில் ஈயமும் ஆன்டிமனியும் கலந்த குழம்பை ஊற்றுவார்கள். குளிர்ந்த அச்சுச் சுவரைத் தொட்ட குழம்பு நொடியில் உறைந்து ஓடாகும். உடனே அச்சைக் கவிழ்த்தால் நடுவே உறையாமல் இருப்பது துளை வழியே வெளியே கொட்டிவிடும். மிஞ்சுவது மேலோடு மட்டும். உலோகம் மிச்சம், எடை குறைவு, விலை மலிவு. தொழிலாளர் வீட்டுப் பிள்ளையும் காசு சேர்த்து ஒன்றிரண்டு வாங்க முடிந்தது. இந்தப் பொம்மைகளுக்குப் பெண் தொழிலாளர்கள் டஜன் கணக்கில் கூலிக்குச் சாயம் பூசினார்கள். என் பொம்மையின் வாயிலுள்ள சிவப்புக் கீற்று ஒரே தூரிகை வீச்சு. அந்தக் கையை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்த வீச்சுக்கு ஷையானும் சூவும் அபாச்சியும் ஒன்றுதான். ஜெர்மனியில் ஹௌசர் நிறுவனத்தின் எலாஸ்டொலின் பொம்மைகளும் அப்படியே. மரத்தூளையும் பசையையும் வெண்களிமண்ணையும் பிசைந்து கம்பிக்கூட்டின்மேல் அழுத்திச் செய்த அந்த ஏழு சென்டிமீட்டர் உருவங்கள், ஈயத்தைவிட உயிரோட்டம் உள்ளவை. அவற்றை வாங்கிய ஜெர்மானியப் பையன்கள் பலரும் கார்ல் மேயின் வின்னெட்டூ கதைகளில் ஊறியவர்கள். அந்தக் கதைகளை எழுதிய காலத்தில் கார்ல் மே அமெரிக்காவைக் கண்ணால் பார்த்ததில்லை. முதல்முறையாகப் போனது 1908இல். கழுகிறகுத் தலையணி புல்வெளி இனங்களுக்கு உரியது, டோட்டம் கம்பம் வடமேற்குக் கடற்கரை மக்களுடையது. பொம்மைப் பெட்டிக்குள் இரண்டும் ஒரே கூடாரத்தின் முன் நின்றன. ஒவ்வோர் இறகும் ஒரு செயலுக்குச் சான்று என்பதால் முழுத் தலையணி மிகச் சிலருக்கே வாய்த்தது. பொம்மைகளிலோ தலைக்குத் தலை அதுவே.

தெரிந்துகொள்ள வழியில்லாமல் போனது என்று சொல்ல முடியாது. சாண்ட் கிரீக்கில் குண்டடிபட்டும் தப்பிய ஜார்ஜ் பென்ட், தானே எல்க் சங்கத்தில் இருந்தவர். தந்தை வெள்ளைக்கார வணிகர், தாய் ஷையான். அவர் தன் கடைசி ஆண்டுகளைக் கடிதம் எழுதியே கழித்தார், தன் மக்களின் கதை அழியக் கூடாது என்று. அவரிடமும் பல முதியவர்களிடமும் கேட்டு எழுதிய ஜார்ஜ் பேர்ட் கிரின்னலின் நூல்கள் 1915இலும் 1923இலும் வெளிவந்துவிட்டன. நாய்க்கயிறு, முளை, சவுக்கு எல்லாம் அவற்றில் இருந்தன. என் ஈயப் பொம்மை வார்க்கப்பட்டபோது அவை நூலக அலமாரியில் இருந்திருக்கும். பொம்மைப் பட்டறைக்கு அவை தேவைப்படவில்லை. கேட்டு வாங்குவோரும் இல்லை.

தேவைப்பட்டிருந்தாலும் நாய்க்கயிற்றைக் கூடாக வார்க்கும் ஈயத்தில் கொண்டுவர முடிந்திருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 54 மில்லிமீட்டர் அளவு என்பது முப்பத்திரண்டில் ஒரு பங்கு. எட்டடி வார் அந்த அளவில் ஏழரை சென்டிமீட்டர், பொம்மையைவிட நீளம். இரண்டு பாதி அச்சில் அதைக் கழற்ற முடியாது. கழற்றினாலும் முதல் நாள் விளையாட்டிலேயே முறிந்துவிடும். நச்சு என்பதால் பிரிட்டனில் ஈயப் பொம்மைகள் 1966இல் நின்றன. பிளாஸ்டிக் வந்தது. இந்தியர்கள் இன்னும் மலிவாகி, பைக்கு ஐம்பது, நூறு என்று கிடைத்தார்கள். அப்போதும் அவர்களுக்குப் பெயர் வரவில்லை. ஹௌசரின் பட்டறையும் 1983இல் மூடிற்று.

பெயர் வந்தது, பொம்மை பிள்ளைகளின் கையை விட்டுப் பெரியவர்களின் மேசைக்கு ஏறியபோது. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் சிற்பிகள் வெள்ளை உலோகத்தில், பிறகு ரெசினில், 75, 90 மில்லிமீட்டர் அளவுகளில் தனி வீரர்களைச் செதுக்கத் தொடங்கினார்கள். ஒரு பெட்டியில் ஒரே வீரன். பத்துப் பன்னிரண்டு பாகம். சாயம் நாமே பூச வேண்டும். இப்போது கணினித் திரையில் செதுக்கி, ஒளியில் இறுகும் ரெசினில் அடுக்கடுக்காக அச்சிட்டு எடுக்கிறார்கள். முன்பு கூலிப்பெண் சில நொடிகளில் பூசிய முகத்துக்கு இன்று நான் நான்கு மாலைகள் செலவிடுகிறேன். கண்ணிமையின் நிழல் தனி, கன்னத்தில் பூசிய போர்ச்சாயத்தின் வெடிப்பு தனி. 75 மில்லிமீட்டர் அளவில் வார் பத்து சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது. அதில் முள்ளம்பன்றி முள்வேலைப்பாட்டின் ஒவ்வொரு பட்டையையும் எண்ணிப் பூசலாம். பேரேட்டுப் படங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக் குதிரை வாலின் கட்டுவரை சரிசெய்யும் சிற்பிகள் இருக்கிறார்கள்.

இன்றைய பொம்மையும் தவறுகிறது. ஆனால் அதன் தவறு வேறு வகை. 1833–34 குளிர்காலத்தில் மிசௌரி ஆற்றங்கரையில் கார்ல் போட்மர் என்ற சுவிஸ் ஓவியர் பெஹ்ரிஸ்கா-ருபா என்ற வீரரை நாய் நடனக் கோலத்தில் வரைந்தார். இறகுகள் சிலிர்த்துப் பறக்க, ஒரு கணத்தில் உறைந்த அந்த உருவத்தைப் பார்த்தவர் மறக்க மாட்டார். சிற்பிகளும் மறக்கவில்லை. அதைப் பார்த்துச் செதுக்கிவிட்டு, பீடத்தில் ஷையான் என்று எழுதிய பொம்மைகளை நான் கண்டிருக்கிறேன். போட்மர் வரைந்த அந்த வீரரோ ஹிடாட்சா இனத்தவர். அங்கே சங்கங்கள் வயதுப்படி அமைந்தவை. இளையவர்கள் கூட்டாகப் பொருள் கொடுத்து மூத்தவர்களிடமிருந்து இடத்தை வாங்கினார்கள். ஷையானில் அப்படி இல்லை. அதேபோல ரோமன் நோஸ் என்ற ஷையான் போர்வீரரை நாய் மனிதர்களின் தலைவர் என்று எழுதிவிடுகிறார்கள். 1868 செப்டம்பரில் பீச்சர் தீவுச் சண்டையில் மாண்ட அவர் எல்க் சங்கத்தார். சபைத் தலைவராகவும் இருந்ததில்லை. இது தெரியாமையால் வந்த பிழை அல்ல, அவசரத்தால் வந்தது. திருத்த முடிகிற பிழை. எழுதிக் கேட்டால் பீடத்தின் பெயரை மாற்றுகிற சிற்பிகளும் உண்டு. 1930இல் யாரிடம் எழுதிக் கேட்பது?

இவ்வளவும் வரவு. செலவுப் பக்கத்தில் எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. ஈயப் பொம்மை ஒன்றாய் ஒருபோதும் இருந்ததில்லை. பெட்டியில் எட்டுப் பேர், தரையில் முப்பது பேர். பெயரில்லாதவர்கள்தான், ஆனால் கூட்டம். ஒருவன் விழுந்தால் இன்னொருவனை அங்கே நகர்த்தினான் பிள்ளை. செத்தவனைச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுப்பினான். கழுத்து ஒடிந்தவனுக்குத் தீக்குச்சி வைத்தான். இன்றைய பொம்மை கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக நிற்கிறது. யாரும் தொடுவதில்லை, நானும் பீடத்தைப் பிடித்துத்தான் தூக்குகிறேன். எல்லாம் சரியாக அமைந்த அந்த நாய் மனிதனிடம் சங்கம் மட்டும் இல்லை.

அந்தச் சங்கங்கள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன என்று நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். பொம்மை சேர்ப்பவர்களுக்கு எளிதில் வரும் நினைப்பு அது. அவை இருக்கின்றன. வட ஷையான்கள் மொன்டானாவில், 1884இல் ஒதுக்கப்பட்டுப் பின்பு விரிவாக்கப்பட்ட சுமார் 4,44,000 ஏக்கர் நிலத்தில், லேம் டியர் ஊரைத் தலைமையிடமாகக் கொண்டு வாழ்கிறார்கள். தென் ஷையான்கள் அரபாஹோக்களுடன் ஓக்லஹோமாவில். புனித அம்புகள் தெற்கிலும், அவர்களின் இன்னொரு புனிதப் பொருளான எருமைத் தொப்பி வடக்கிலும் இன்றும் காவலுக்குரியவர்களின் பொறுப்பில் இருக்கின்றன. நாற்பத்து நான்கு தலைவர்களின் சபையும் இருக்கிறது. அதில் ஒருவராக இருந்த பென் நைட்ஹார்ஸ் கேம்ப்பெல் 1993 முதல் 2005 வரை கொலராடோவின் பிரதிநிதியாக அமெரிக்க மேலவையில் அமர்ந்தார். சிவிங்டனின் படையைத் திரட்டிய அதே கொலராடோ. சாண்ட் கிரீக் நிலம் தேசிய நினைவிடமாவதற்கு அவர் பாடுபட்டார். 2007இல் அது திறக்கப்பட்டது.

சங்கங்களின் வேலை மாறியிருக்கிறது. ஊரைக் காப்பது என்ற அடிப்படை மாறவில்லை. எருமை மந்தையைக் காக்க வேண்டியதில்லை, சடங்கைக் காக்க வேண்டியிருக்கிறது. இன்னொன்றையும் காக்கிறார்கள், இறந்தவர்களை. 1878இல் ஓக்லஹோமாவின் சூட்டிலும் பசியிலும் இருக்க முடியாமல் வடக்கே சொந்த மண்ணுக்கு நடந்தவர்களில் தலைவர் டல் நைஃப்பின் கூட்டம் நெப்ராஸ்காவின் ராபின்சன் கோட்டையில் பிடிபட்டது. உணவும் விறகும் நிறுத்தப்பட்ட நிலையில் 1879 ஜனவரி 9 இரவு, உறைபனியில், ஜன்னல்களை உடைத்து வெளியேறினார்கள். பலர் சுடப்பட்டார்கள். அவர்களில் சிலருடைய எலும்புகளை ஆய்வுக்கென்று கிழக்கே எடுத்துச் சென்றார்கள். நூறாண்டுக்கும் மேல் அவை பெட்டிகளில் இருந்தன. 1993 அக்டோபரில் ஸ்மித்சோனியன் அவற்றைத் திருப்பித் தந்தது. மொன்டானாவின் பஸ்பி ஊரில் அடக்கம் செய்தார்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் அந்தக் கோட்டையிலிருந்து பஸ்பி வரை, சுமார் 400 மைல், ஷையான் பிள்ளைகள் முறைவைத்து ஓடுகிறார்கள். ஒருவர் களைத்தால் அடுத்தவர் வாங்கிக்கொள்கிறார்.

சாண்ட் கிரீக் படுகொலை நடந்த 1864இல் கொலராடோவின் ஆளுநராக இருந்தவர் ஜான் எவன்ஸ். அவர் பெயரைத் தாங்கிய மலைச்சிகரம் 2023 செப்டம்பரில் புளூ ஸ்கை, நீலவானம், என்று பெயர் மாற்றப்பட்டது. அரபாஹோக்கள் நீலவான மக்கள் என்று அறியப்படுபவர்கள். ஷையான்களுக்கு அந்தப் பெயரில் ஒரு சடங்கு உண்டு.

இதையெல்லாம் அறிந்த பிறகு என் அலமாரியைப் பார்க்கும் பார்வை மாறியது. அம்புகளையோ தொப்பியையோ உருவமாக்கும் எதையும் நான் வாங்குவதில்லை. அவை காட்சிக்குரியவை அல்ல, அவற்றுக்கு உரியவர்கள் இருக்கிறார்கள். உடைந்த ஈயப் பொம்மையின் கழுத்தைச் சரிசெய்யவும் இல்லை. அந்தத் தீக்குச்சி அப்படியே இருக்கட்டும்.

நாய் மனிதனைத்தான் அப்படியே விட முடியவில்லை. நான் பார்த்த விற்பனைப் பட்டியல்களில் நாய்க்கயிறு அணிந்தவன் பல வடிவங்களில் வருகிறான். முளையைப் பிடுங்க வரும் தோழன் ஒருவனும் இல்லை. ஆகவே சென்ற மாதம் அதே 75 மில்லிமீட்டரில் வேறொரு வீரனை வாங்கி, முழங்கால்களை அறுத்து, குனிந்து ஓடிவருபவனாக மாற்றத் தொடங்கினேன். இரண்டு கட்டி சேர்த்துப் பிசையும் பசைக்களிமண்ணால் முதுகின் தசையைத் திரும்பக் கட்டினேன். செப்புக் கம்பியை முறுக்கி வலக்கையில் சவுக்கு வைத்தேன். சவுக்கு ஓங்கிய நிலையில் சினம் தெரியக் கூடாது, அவசரம் தெரிய வேண்டும். அந்த முகத்தை மூன்று முறை சுரண்டிவிட்டு மறுபடி பூசினேன்.

இடக்கை முளையைப் பற்ற வேண்டும். நேற்றிரவு இரண்டு பேரையும் ஒரே பீடத்தில் வைத்துப் பார்த்தேன். விரல்நுனிக்கும் முளைக்கும் இடையே இன்னும் மூன்று மில்லிமீட்டர் இருக்கிறது. மணிக்கட்டை மீண்டும் அறுக்க வேண்டும்.